0.08 மணி நேரம்

அமெரிக்க வருமான வரிப் படிவம் 1040-ஐப் பதினோரு ஆண்டுகளாக நிரப்பி வருகிறேன். முதல் பக்கத்தின் தலைப்பகுதியில் பொடி எழுத்தில் ‘ஓ.எம்.பி. எண் 1545-0074’ என்று அச்சிட்டிருப்பார்கள். அச்சகத்துக்காரர்களின் ஏதோ கணக்கு என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவேன். 2025 மார்ச்சில் குடியுரிமைக்கான என்-400 படிவத்தை விரித்து வைத்தபோது அதிலும் அப்படியோர் எண், கூடவே ஒரு காலாவதித் தேதி. மாத்திரை அட்டைக்குக் காலாவதித் தேதி உண்டு, ரொட்டிக்கு உண்டு. படிவத்துக்கு எதற்கு? அந்த நூலைப் பிடித்து இழுத்ததில் ஒரு சனி, ஞாயிறு முழுவதும் போயிற்று. வீட்டில் வாங்கிய திட்டு தனி.

விஷயம் இதுதான். அமெரிக்க மத்திய அரசின் ஒரு துறை, பத்துப் பேரிடமோ அதற்கு மேலோ ஒரே கேள்விகளைக் கேட்க விரும்பினால், முதலில் ஊரைக் கேட்க வேண்டும். ‘இன்னின்ன கேள்விகளைக் கேட்கலாம் என்றிருக்கிறோம், உங்கள் கருத்து என்ன?’ என்று ஃபெடரல் ரிஜிஸ்டர் என்ற அரசிதழில் அறிவிப்புப் போட்டு 60 நாள் காத்திருக்க வேண்டும். பிறகு அதிபரின் நிர்வாக அலுவலகத்தைச் சேர்ந்த மேலாண்மை, வரவுசெலவு அலுவலகத்துக்கு (அதுதான் அந்த ஓ.எம்.பி.) அனுப்ப வேண்டும். அப்போது இன்னோர் அறிவிப்பு, இன்னும் 30 நாள். அங்கே ஒப்புக்கொண்டால்தான் எண் கிடைக்கும். அதுவும் அதிகபட்சம் மூன்று ஆண்டுக்குத்தான் செல்லும். பிறகு மறுபடியும் முதலிலிருந்து. எண் இல்லாத படிவத்தை நிரப்பவில்லை என்பதற்காக யாரையும் தண்டிக்கவும் முடியாது. (இதைச் சாக்காக வைத்து வரி கட்டாமல் தப்பிக்கப் பார்த்தவர்களும் உண்டு. வரியை விதித்தது சட்டம், படிவமல்ல என்று சொல்லி நீதிமன்றங்கள் அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டன. அதிபுத்திசாலிகள் நம் ஊரில் மட்டும்தான் இருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.)

இதற்குப் பெயர் பேப்பர்வொர்க் ரிடக்‌ஷன் சட்டம். காகித வேலையைக் குறைக்கும் சட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். 1980 தேர்தலில் ரீகனிடம் தோற்று, வீட்டைக் காலி செய்யும் நேரத்தில் கார்ட்டர் கையெழுத்திட்டது. இரண்டு முறை அறிவிக்கும் இன்றைய நடைமுறை 1995-ல் செய்த திருத்தத்தோடு வந்தது.

ஊரைக் கேட்பது என்றால் ‘மனதில் பட்டதைச் சொல்லுங்கள்’ என்று கேட்பதல்ல. கேள்விகள் நான்கே நான்கு. இந்தத் தகவல் துறையின் வேலைக்கு உண்மையிலேயே தேவையா, அதனால் பயன் உண்டா? நிரப்ப இவ்வளவு நேரமாகும் என்று நாங்கள் போட்ட கணக்குச் சரியா? கேள்விகளை இன்னும் தெளிவாக, பயனுள்ளதாகக் கேட்க வழி உண்டா? நிரப்புகிறவரின் சுமையைக் குறைக்க முடியுமா? ஒவ்வோர் அறிவிப்பின் அடியிலும் இந்த நான்கும் ஏறக்குறைய இதே சொற்களில் வரும். தினமும் இப்படி அறிவிப்புகள் வந்தபடி இருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு ஒரு கருத்துகூட வருவதில்லை. ‘கருத்து எதுவும் பெறப்படவில்லை’ என்று இரண்டாம் அறிவிப்பில் எழுதி, நிம்மதியாக அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறார்கள்.

என் பெரியப்பா மன்னார்குடியில் தாலுகா அலுவலக வாசலில், புங்க மரத்தடியில், மனு எழுதித் தருபவராக இருந்தார். ஒரு மேசை, ஒரு டைப்ரைட்டர், காற்றில் பறக்காமல் இருக்கத் தாளின் மேல் ஒரு கூழாங்கல். பட்டா மாற்றத்துக்கு வருகிறவர் தன் அண்ணன் செய்த துரோகத்தில் தொடங்கி, திருமணத்தில் பந்தியில் உட்கார வைக்காதது வரை சொல்வார். பெரியப்பா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்பார். பிறகு சர்வே எண்ணையும், பத்திரத் தேதியையும், என்ன வேண்டும் என்பதையும் மட்டும் ஐந்து வரியில் அடிப்பார். “அழுகையை எழுதினால் கோப்பில் கட்டி மேலே போட்டுவிடுவான். எண்ணை எழுதினால் அவன் எண்ணால்தான் பதில் சொல்லியாக வேண்டும்” என்பார். அந்த நான்கு கேள்விகளைப் படித்தபோது எனக்குப் பெரியப்பாவின் டைப்ரைட்டர் சத்தம்தான் காதில் கேட்டது.

கருத்துக் கேட்கும் இந்த வாசல் வேலை செய்யுமா? செய்திருக்கிறது. அமெரிக்கச் சமூகக் கணக்கெடுப்பு என்று ஒன்று உண்டு. ஆண்டுதோறும் ஏறத்தாழ 35 லட்சம் முகவரிகளுக்குப் போகும், நிரப்ப 40 நிமிடம் ஆகும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். நமக்கும் அதற்கும் தொடர்பு உண்டு. ‘வீட்டில் ஆங்கிலம் அல்லாத மொழி பேசுகிறீர்களா, எந்த மொழி?’ என்று அதில் ஒரு கேள்வி இருக்கிறது. அமெரிக்காவில் வீட்டில் தமிழ் பேசுவோர் இத்தனை லட்சம் என்று தமிழ்ச் சங்க மேடைகளில் முழங்குகிறோமே, அந்த எண் அந்த ஒற்றைக் கட்டத்தில் யாரோ எழுதிய ‘தமிழ்’ என்ற சொல்லிலிருந்து பிறக்கிறது. அதே படிவத்தில் உடற்குறை பற்றி ஆறு கேள்விகள் இருக்கின்றன. காது, கண், நினைவும் கவனமும், நடப்பதும் படியேறுவதும், உடுப்பதும் குளிப்பதும், தனியாக வெளியே போய் வருவது. ஆம், இல்லை என்று பதில் சொன்னால் போதும்.

2023 அக்டோபரில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை இதை மாற்றப் பார்த்தது. ‘சிரமம் இல்லை, கொஞ்சம் சிரமம், மிகுந்த சிரமம், முடியவே முடியாது’ என்று நான்கு படிகள். ஐ.நா.வின் ஆதரவில் உருவான அளவுகோல், உலக நாடுகளோடு ஒப்பிட வசதி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கடைசி இரண்டு படிகளில் இருப்பவர்களை மட்டுமே உடற்குறையுள்ளவர் என்று கணக்கிடுவதாகத் திட்டம். துறையின் சோதனையிலேயே எண்ணிக்கை மக்கள்தொகையில் 13.9 விழுக்காட்டிலிருந்து 8.1 ஆக இறங்கியது. ஒருவருடைய கால் ஊனமும் குணமாகவில்லை, ஒருவருக்கும் பார்வை திரும்பவில்லை. ஒரு கேள்வியின் அமைப்பை மாற்றியதில் பத்தில் நான்கு பேர் தாளிலிருந்து காணாமல் போனார்கள். உதவித் திட்டங்களுக்கான பணத்தை இத்தகைய எண்களைப் பார்த்துத்தான் பிரிக்கிறார்கள் என்பதால், காணாமல் போவது தாளோடு நிற்காது.

12,000-க்கும் மேற்பட்ட கருத்துகள் குவிந்தன. கேட்கப்படுகிறவர்களே எழுதினார்கள், அவர்களின் அமைப்புகள் எழுதின, ஆய்வாளர்கள் எழுதினார்கள். ‘கொஞ்சம் சிரமம்’ என்பது நல்ல நாளில் என் பதில், கெட்ட நாளில் அது வேறு என்பது போன்ற, தரவு ஆட்கள் யோசித்திராத விஷயங்கள் அங்கே மேசைக்கு வந்தன. 2024 பிப்ரவரி 6 அன்று துறையின் இயக்குநர் ராபர்ட் சாண்டோஸ், 2025 படிவத்தில் பழைய கேள்விகளே தொடரும் என்று அறிவித்தார். இதே கணக்கெடுப்பில் திருமண வரலாற்றுக் கேள்விகளையும், கல்லூரியில் என்ன படித்தீர்கள் என்ற கேள்வியையும் நீக்க 2014-ல் முன்மொழிந்தபோதும் ஆய்வாளர்கள் எழுதி எழுதியே அவற்றைக் காப்பாற்றினார்கள். கேள்வியைத் தடுப்பதற்கு மட்டுமல்ல, கேள்வி வேண்டும் என்று கேட்பதற்கும் இந்த வாசலில் வரலாம் என்பது எனக்குப் புதிய செய்தி.

இத்தோடு முடித்தால் இது ஜனநாயகப் பாராட்டுப் பத்திரம் ஆகிவிடும். மறுபக்கமும் இருக்கிறது.

2018 மார்ச் 30 அன்று அமெரிக்க வெளியுறவுத் துறை ஓர் அறிவிப்பு வெளியிட்டது. விசா கேட்பவர்கள் ஏறக்குறைய எல்லோரும் கடந்த ஐந்து ஆண்டுகளில் தாங்கள் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளின் பெயர்களைத் தர வேண்டும் என்பது முன்மொழிவு. சுற்றுலா, மாணவர், வேலை விசாக்களுக்கான டிஎஸ்-160 படிவத்துக்கு அதில் ஒரு கணக்குப் போட்டிருந்தார்கள். ஆண்டுக்கு 1.4 கோடிப் பேர், ஒருவருக்கு 90 நிமிடம், மொத்தம் 2.1 கோடி மணி நேரம். ஆயிரக்கணக்கில் எதிர்ப்புக் கருத்துகள் வந்தன. 2019 மே 31 முதல் கேள்வி நடைமுறைக்கு வந்தது.

அங்கே ஜெயித்தது இங்கே ஏன் தோற்றது? என் கணிப்பு எளிமையானது. உடற்குறைக் கேள்விக்குப் பதில் சொல்கிறவர் அமெரிக்க வாக்காளர், அவருக்கு ஓர் அமைப்பு இருக்கிறது, அவருடைய ஒத்துழைப்பு இல்லாவிட்டால் அந்தக் கணக்கெடுப்பே பொய்த்துப்போகும். விசா படிவத்தை நிரப்புகிறவர் தஞ்சாவூரிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கிறார். ஆங்கிலத்தில் வரும் ஓர் அரசிதழில் தன்னைப் பற்றிய கேள்விக்குத் தன்னிடமே கருத்துக் கேட்கிறார்கள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்தால்தான் எழுதுவாரா? நேர்காணல் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரைக் குறை சொல்லி யாராவது மனுப் போடுவார்களா?

அந்த 90 நிமிடத்தைப் பற்றி எனக்கு நேரடி அனுபவம் உண்டு. அம்மாவுக்கு விசா எடுக்க இங்கிருந்தபடியே டிஎஸ்-160 நிரப்பினேன். பிறந்த தேதி, தாத்தா வைத்த தேதி, பள்ளிக்கூடத்தில் கொடுத்த தேதி என்ற வழக்கமான பஞ்சாயத்து முடிந்தபின் சமூக ஊடகப் பக்கம் வந்தது.

“அம்மா, ஃபேஸ்புக்கில் உன் பெயர் என்ன?”

“என் பெயர்தான்.”

இல்லை. அக்கா மகன் ஆரம்பித்துக் கொடுத்த கணக்கு அது. அம்மாவின் பெயரோடு அவன் பிறந்த ஆண்டும் சேர்ந்து இருந்தது. அதற்கு முன்பு பக்கத்து வீட்டுப் பெண் ஆரம்பித்துக் கொடுத்த இன்னொன்று இருந்தது, கடவுச்சொல் போனோடு தொலைந்தது. அதில் முருகன் படமும் காலை வணக்கமும் தவிர எதுவும் இருந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் அதை எழுதாமல் விட்டால் மறைத்ததாக ஆகிவிடுமோ என்று மூன்று நாள் அம்மா தூங்கவில்லை. இதுவரை போலீஸ் ஸ்டேஷன் வாசலைக்கூட மிதிக்காதவர். அந்த மூன்று இரவுகளை 2.1 கோடி மணி நேரத்தில் எந்தக் கட்டத்தில் சேர்த்திருப்பார்கள்?

இந்தச் சட்டத்தின் மேல் எனக்கிருக்கும் பெரிய குறை அதுதான். சுமையை நிமிடத்தாலும் டாலராலும் அளக்கிறது. பயத்தை அளக்க அதனிடம் படி இல்லை, மரக்கால் இல்லை. தெரிந்தவர்களின் பிள்ளைகள் விசாவுக்கு முன்பு உட்கார்ந்து பழைய பதிவுகளை ஒவ்வொன்றாக அழித்ததைப் பார்த்திருக்கிறேன். அரசியலே பேசாதவர்கள். கல்லூரி நாளில் போட்ட ஒரு கேலிப்படம் போதும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். 2025 ஜூனில் மாணவர் விசா கேட்போர் தங்கள் சமூக ஊடகப் பக்கங்களை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்ற உத்தரவு வந்தது. டிசம்பரில் வேலைக்கான எச்-1பி, அவர்கள் குடும்பத்துக்கான எச்-4 விசாக்கள் வரைக்கும் நீட்டினார்கள். தாளில் நிரப்ப எதுவும் இல்லை. ஆகவே நிமிடக் கணக்கும் இல்லை.

மறுபடி என்-400-க்கு வருகிறேன். நான் படிவத்தை விரித்து வைத்த அதே மார்ச் மாதம், குடியுரிமை, குடியேற்றச் சேவைத் துறை ஓர் அறிவிப்பு வெளியிட்டிருந்தது. குடியுரிமை மனு, கிரீன் கார்டு மனு, அடைக்கல மனு உட்பட ஒன்பது படிவங்களில் சமூக ஊடகக் கணக்குகளைக் கேட்கப் போவதாக அதில் இருந்தது. 35 லட்சத்துக்கும் அதிகமான பேரிடம். ஏற்கெனவே இந்த நாட்டில் பல ஆண்டுகளாக இருந்து, வரி கட்டி, கைரேகை கொடுத்து ஓய்ந்தவர்களிடம். கூடுதல் சுமை ஒருவருக்கு எவ்வளவு? 0.08 மணி நேரம். போன் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். 4 நிமிடம் 48 விநாடி.

சங்க வாட்ஸ்அப் குழுவில் அதைப் பகிர்ந்தேன். ஒரே மணி நேரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட செய்திகள். அநியாயம் என்றார்கள், சர்வாதிகாரம் என்றார்கள், ஒருவர் திருக்குறளில் கொடுங்கோன்மை அதிகாரத்தை முழுவதுமாக இட்டார். “சரி, இதை அங்கே எழுதலாமே, மே 5 வரை நேரம் இருக்கிறது” என்று இணைப்பைக் கொடுத்தேன். குழு அமைதியானது. பிறகு தனிச்செய்தியில் இரண்டு பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: பெயர் போட வேண்டுமா? வேண்டாம், பெயரில்லாமலும் எழுதலாம். மொட்டைக் கடிதத்தை அரசாங்கமே கேட்டு வாங்கிக்கொள்ளும் இடம் இது. அப்படியும் ஒருவர், “கணினியின் முகவரி தெரியாதா என்ன?” என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சமூக ஊடகத்தைக் கண்காணிப்பது பற்றிய கேள்விக்கு, கண்காணிப்பார்களோ என்ற பயத்தால் கருத்துச் சொல்ல முடியவில்லை என்றால், அந்த 60 நாளுக்கு என்ன பொருள்?

நான் எழுத முடிவு செய்தேன். முதலில் எழுதியதில் சுதந்திரம், தனியுரிமை, இந்த நாட்டின் அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் எல்லாம் இருந்தன. படித்துப் பார்த்தேன், நன்றாக அழுதிருந்தேன். அழித்துவிட்டு, சமையலறையில் இட்லிக்கு வைக்கும் டைமரை எடுத்து வந்தேன். ஐந்து ஆண்டில் எனக்கு இருந்த எல்லாக் கணக்குகளையும் எழுதத் தொடங்கினேன். ஃபேஸ்புக், யூடியூப், லிங்க்ட்இன் சுலபம். ட்விட்டரில் இரண்டு, ஒன்று கிரிக்கெட் திட்டுவதற்காக மட்டும். அலுவலகத்தில் யாரோ சேர்த்துவிட்ட ரெட்டிட். மகளின் பள்ளிக்காக ஆரம்பித்து மறந்த இன்ஸ்டாகிராம், அதன் பெயரைக் கண்டுபிடிக்கப் பழைய மின்னஞ்சல்களைத் தோண்ட வேண்டியிருந்தது. தமிழ்க் கேள்வி பதில் தளம் ஒன்றில் புனைபெயரில் எழுதியது நினைவுக்கு வந்தபோது மணி பதினொன்றரை. மூன்று மணி நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. இன்னும் எதையோ மறந்திருக்கிறேன் என்ற சந்தேகம் இப்போதும் இருக்கிறது.

அதை எழுதினேன். உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் இது. மதிப்பீடு 0.08 மணி நேரம், எனக்கு ஆனது 3.67. இன்னின்ன கணக்குக்கு இன்னின்ன நிமிடம். மறந்துபோன கணக்கை எழுதாமல் விட்டால் பொய் சொன்னதாகக் கொள்வீர்களா என்பதைப் படிவத்தில் எங்கே சொல்லியிருக்கிறீர்கள்? அவ்வளவுதான். பதினான்கு வரி. ரசீது எண் ஒன்று வந்தது, அதையும் குறித்து வைத்தேன்.

அனுப்பிவிட்டுப் படுக்கையறைக்குப் போனால் மனைவி விழித்திருந்தார்.

“பெயர் போட்டீர்களா?”

“போட்டேன்.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

“நீங்கள் எண்ணுவதைப் பார்த்து நானும் என் போனில் எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்கு இன்னும் முடியவில்லை. நாளைக்கு அந்த டைமரை என்னிடம் கொடுங்கள்.”