புற்றை வெட்டாதீர்கள், ஒரு ராணி போதும்

விதை சேர்க்கிற எறும்பு வளர்க்க ஆசைப்பட்டு மண்வெட்டியோடு வரம்புக்குப் போகிறவர்களுக்கு இதை எழுதுகிறேன். தயவுசெய்து புற்றை வெட்டாதீர்கள். கையில் வருவது வேலைக்கார எறும்புகள்தான். ராணி ஆழத்தில் இருக்கும், அநேகமாக நசிந்துபோகும். ராணி இல்லாத கூட்டத்தில் புது வேலைக்காரிகள் பிறப்பதில்லை, கூட்டம் தேய்ந்து முடிந்துவிடும். வன்னியில் இருந்த ஒரு புற்றும் போய்விடும்.

கோடையிலேயே இடம் பார்த்து வையுங்கள். காய்ந்த ஒழுங்கையில் ஒரு சின்ன ஓட்டை, அதைச் சுற்றி உரித்துப் போட்ட புல்லுமி வட்டமாகக் குவிந்திருக்கும். மாரி தொடங்கி முதல் மழைகள் விழுந்து வெயில் எறிக்கிற நாட்களில் அந்தப் பக்கம் போய், சிறகு உதிர்ந்து நிலத்தில் தனியே ஓடும் ராணியைத் தேடுங்கள். சிறகோடு பிடித்தால் அது ஆணோடு சேராததாக இருக்கலாம். அதன் முட்டையில் வேலைக்காரி வராது.

சோதனைக்குழாயில் மூன்றில் ஒரு பங்கு கொதித்தாறிய தண்ணீர். அதைத் தொடும்வரை பஞ்சை இறுக்கித் தள்ளுங்கள். ராணியை விட்டு வாயைக் காய்ந்த பஞ்சால் மூடி இருட்டில் வையுங்கள். பெரும்பாலான ராணிகள் தம் சிறகுத் தசையைக் கரைத்தே முதல் குஞ்சுகளை வளர்க்கும், தீன் தேவையில்லை. வாரத்துக்கு ஒருதரம் பார்த்தால் போதும். அடிக்கடி எடுத்து ஆட்டினால் முட்டையைத் தின்றுவிடும்.

வேலைக்காரிகள் வந்தபின் குரக்கன், சாமை, எள்ளு நாலைந்து மணி போடுங்கள். கமத்துக்கு வாங்குகிற விதைப் பைக்கற்றைத் தொடவே வேண்டாம். மருந்து பூசிய ஒரு விதையே கூட்டத்தை அழிக்கப் போதும். குஞ்சுகளுக்கு இடைக்கிடை கொன்ற கறையான் ஒன்று கொடுங்கள். கூட்டில் ஒரு பக்கம் மட்டும் ஈரமாக இருக்கட்டும், மற்றது நன்றாகக் காயவேண்டும். முழுக்க நனைத்தால் விதை முளைக்கும், பூஞ்சணம் பிடிக்கும். முளைத்ததை அவையே வெளியே காவிக்கொண்டுவந்து போடும். அதைக் கண்டால் தண்ணீரைக் குறையுங்கள்.

கூட்டை வைத்திருக்கிற பெட்டியின் மேல்விளிம்பில் முகப்பவுடரை ஸ்பிரிட்டில் குழைத்துப் பூசினால் ஏறமாட்டா. மாரிக்காலத்தில் அது ஈரமேறிப் பிடிப்பு விடும், திரும்பப் பூசவேண்டும். மேசைக் கால்களைத் தண்ணீர்ச் சிரட்டையில் வையுங்கள், வீட்டு எறும்பு புகுந்தால் ஒரே இரவில் எல்லாம் முடிந்துவிடும்.

வெளிநாட்டு ராணிகளை விலைக்கு வாங்குவதை நான் முழுமையாக எதிர்க்கிறேன். 2025 மே மாதம் கென்யாவில் இரண்டு பெல்ஜிய இளைஞர்களுக்கு நீதிமன்றம் தண்டம் விதித்தது, ஏறத்தாழ 5000 ராணிகளைப் பஞ்சடைத்த குழாய்களில் வைத்திருந்ததற்காக. அவையும் விதை சேர்க்கிற எறும்புகள்தான். அப்படிப்பட்ட வெளியூர் எறும்பு ஒன்று இங்கே தப்பினால் அது எங்கள் வயலில் என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது.

உள்ளூர் ராணியையும் வளர்க்க ஏலாவிட்டால், பிடித்த அதே இடத்தில் கொண்டுபோய் விடுங்கள்.