புறப்படும் முன்பே பணம் கைக்கு வர வேண்டும்

"பயணச் செலவை நாங்கள் ஏற்கிறோம். டிக்கெட்டை நீங்களே எடுத்துக்கொண்டு, திரும்பிய பிறகு ரசீதுகளை அனுப்புங்கள்." கணித மாநாடுகள் இளம் ஆய்வாளர்களுக்கு அனுப்பும் கடிதங்கள் பலவும் இப்படித்தான் இருக்கின்றன. கொடுக்கும் மனம் நல்லதுதான். கொடுக்கும் முறை ஏழை வீட்டுப் பிள்ளையை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

சமன்பாடுகள் தரும் வடிவங்களைப் படிக்கும் இயற்கணித வடிவியலில் ஆய்வு செய்யும் என் பழைய மாணவி ஒருத்திக்கு ஐரோப்பாவிலிருந்து அப்படியொரு கடிதம் வந்தது. அப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர். விமான டிக்கெட், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு 90 யூரோ, காப்பீடு, போதாததற்கு வங்கியில் இருப்புக் காட்ட ஒரு தொகை. அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. அவள் போய்வந்துவிட்டாள். அடகு வைக்க ஒன்றுமில்லாத வீட்டுப் பிள்ளைகள் விண்ணப்பமே போடுவதில்லை. எனக்குப் பொறுக்காதது இதுதான்.

உரைகளை இணையத்தில் கேட்டுக்கொள்ளலாமே என்கிறார்கள். உரையைக் கேட்கலாம். உரை முடிந்ததும் கரும்பலகையருகே நின்று, மாதக்கணக்கில் தன்னைத் தடுத்து நிறுத்திய நிரூபணப் படி ஒன்றைப் பற்றி, அந்தத் துறையையே வளர்த்தவரிடம் நேரில் கேட்பது எப்படி? வடிவியலாளர்கள் பேசும்போது வரைந்து காட்டும் படங்களில் பாதி கட்டுரைகளில் ஏறுவதே இல்லை. முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய பணிக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதப்போகிறவரின் அறிமுகமும் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கிறது.

1914இல் இராமானுஜன் இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகையோடு, கப்பல் கட்டணத்துக்கும் உடை முதலிய ஆயத்தச் செலவுக்கும் பணம் ஒதுக்கியது. கோட்டு வாங்கக்கூடப் பணம் வேண்டும் என்று அன்றைக்கே யாரோ யோசித்திருக்கிறார்கள்.

நம் நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியில் படித்த கணித அறிஞர் எஸ்.எஸ். பிள்ளைக்கும் அப்படி ஒரு கை உதவியது. தந்தையை இழந்த அவரை ஓர் ஆசிரியர் தன் பணத்தில் படிக்க வைத்தார். எந்த இயல் எண்ணையும் ஆறாம் அடுக்கு எண்களை (ஓர் எண்ணை ஆறு முறை எடுத்துப் பெருக்கினால் கிடைப்பவை) 73க்கு மிகாமல் கூட்டி எழுதலாம் என்று பின்னாளில் நிறுவியவர் அவர். 1950இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில் கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்துபோனார்.

குமரி மாவட்டக் கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்களிடம் நான் கேட்பது ஒரு சுழல்நிதி. மாநாட்டின் ஏற்புக் கடிதத்தைக் காட்டினால் வட்டியில்லாமல் முன்பணம் கொடுங்கள். மாநாட்டுக்காரர்கள் செலவைத் திருப்பித் தந்ததும் அதே பணம் அடுத்த பிள்ளைக்குப் போகும். இரண்டு பேர் பயணத்துக்கான தொகை இருந்தாலே தொடங்கிவிடலாம். பஹ்ரைனிலும் துபாயிலும் இருக்கும் நம்மவர்கள் மனம் வைத்தால் ஒரு மாதத்தில் சேர்ந்துவிடும். சங்கப் பொறுப்பில் இருப்பவர்கள் அடுத்த பொதுக்குழுவில் இதை முன்வையுங்கள். விதிமுறைகளை எழுதித் தர நான் வருகிறேன்.