"எடுத்துடலாம்ல டாக்டர்?"

வீட்டில் யாருக்காவது புற்றுநோய் என்று தெரிந்தால் போதும், சொந்தக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். "கத்தி பட்டா பரவிடும்" என்பது ஒரு கட்சி. "ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டா தொல்லை விட்டுச்சு" என்பது இன்னொன்று. நான் ரொம்ப காலம் இரண்டாவது கட்சி. 2012ல் பெரியப்பாவுக்கு மீசோதீலியோமா என்று சொன்னபோது "எடுத்துடலாம்ல டாக்டர்?" என்று முதலில் கேட்டது நான்தான். "எடுக்கிறதுக்குத் தனியா கட்டின்னு ஒண்ணு இல்லப்பா இதுல" என்றார் அவர். தட்டிக்கழிக்கிறார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

அவர் சொன்னது சரி. நுரையீரலைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று இருக்கிறது. இந்த நோய் அந்த உறையில் மரத்தில் பாசி படர்வது போலப் படரும். பெரும்பாலும் காரணம் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். தென்னாப்பிரிக்காவில் வாக்னரும் அவரோடு இருந்தவர்களும் 1960லேயே 33 நோயாளிகளை வைத்து இந்தத் தொடர்பைக் காட்டிவிட்டார்கள். அந்த 33 பேரில் பலர் சுரங்கத்துக்குள் இறங்கியவர்களே இல்லை, பக்கத்தில் குடியிருந்தவர்கள். கல்நார்த் தூசி உள்ளே போய் நோய் வெளியே தெரிய முப்பது, நாற்பது வருடம்கூட ஆகும். பெரியப்பா இளவயதில் கப்பல் இன்ஜின் அறையில் வேலை பார்த்தவர். சூடான குழாய்களைச் சுற்றி அப்போதெல்லாம் கல்நார்தான். அதை அவரே மறந்துவிட்டிருந்தார். யாரும் கேட்கவும் இல்லை. நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்றதும் நம் ஊரில் முதல் சந்தேகம் டிபி. ஐந்து மாதம் டிபி மாத்திரை சாப்பிட்டார். (பீடி, சிகரெட் தொடாத மனுஷன். சிகரெட்டால் வருகிற நோயும் இல்லை இது. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லியே பெரியம்மாவுக்கு அலுத்துப்போனது.)

கண்டுபிடிப்பதில் இப்போது முன்னேற்றம் உண்டு. நீரை மட்டும் எடுத்துப் பார்த்து முடிவு சொல்வது கஷ்டம். அழற்சியில் கலவரப்பட்ட சாதாரண செல்லும் மீசோதீலியோமா செல்லும் மைக்ராஸ்கோப்பில் ஒரே சாடையில் இருக்கும். இப்போது பேப்1 என்ற புரதம் செல்லின் கருவில் இருக்கிறதா என்று சாயமேற்றிப் பார்க்கிறார்கள். இல்லையென்றால் அது புற்றுநோய்தான் என்று ஏறக்குறைய அடித்துச் சொல்லலாம். எம்டேப் என்று இன்னொரு புரதமும் இப்படியே உதவுகிறது. அதற்காக, பேப்1 இருப்பதாலேயே நோய் இல்லை என்று ஆகிவிடாது.

சரி, ஆபரேஷனுக்கு வருகிறேன். இந்தப் பதிவே அதற்காகத்தான்.

பல பத்தாண்டுகளாகச் சில அறுவை நிபுணர்கள் ஒரு பக்க நுரையீரலையே உறையோடும் உதரவிதானத்தோடும் சேர்த்து எடுத்துவந்தார்கள். எடுத்தவர்களில் சிலர் நீண்ட நாள் வாழ்ந்தார்கள், அது உண்மை. ஆனால் ஆபரேஷன் தாங்குவார் என்று பார்த்துப் பொறுக்கியெடுத்தவர்கள் அவர்கள். ஆபரேஷன் இல்லாமலும் அவ்வளவு நாள் வாழ்ந்திருப்பார்களா என்பது யாருக்கும் தெரியாது. பிரிட்டனில் மார்ஸ் என்ற ஆய்வு, யாருக்கு ஆபரேஷன், யாருக்கு இல்லை என்று குலுக்கிப் போட்டு இதைச் சோதித்தது. குலுக்கலுக்கு வந்தது 50 பேர்தான். 2011ல் வந்த முடிவு, ஆபரேஷனுக்குச் சாதகமாக இல்லை. "நுரையீரலை எடுத்ததுதான் தப்பு, உறையை மட்டும் உரித்தெடுத்தால் பலன் தெரியும்" என்றார்கள் நிபுணர்கள். நியாயமான பேச்சுதான். அதையும் சோதிக்க மார்ஸ் 2 வந்தது. லண்டனைச் சேர்ந்த எரிக் லிம் தலைமையில் 335 பேர். எல்லாருக்கும் கீமோ. குலுக்கலில் பாதிப் பேருக்கு மட்டும் கூடவே ஆபரேஷன்.

2024ல் லான்செட் மருத்துவ இதழ்க் குழுமத்தில் முடிவு வெளியானது. கீமோ மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் 24.8 மாதங்களைத் தாண்டியிருந்தார்கள். ஆபரேஷனும் செய்துகொண்டவர்களில் பாதிப் பேர் தாண்டியது 19.3 மாதம். ஆபரேஷன் பக்கம்தான் கடுமையான பக்கவிளைவுகளும் அதிகம், செலவும் அதிகம்.

அறுவை நிபுணர்கள் சும்மா இருக்கவில்லை. தேர்ந்த மையங்களில் ஆபரேஷனுக்குப் பின் இந்த ஆய்வில் இறந்த அளவுக்குப் பேர் இறப்பதில்லை என்கிறார்கள். இருக்கலாம். அப்படியானால் அந்தத் தேர்ந்த கைகளே இன்னொரு குலுக்கல் ஆய்வு நடத்திக் காட்டட்டும். அதுவரை "வெட்டியெடுத்தால் நல்லது" என்று நிரூபிக்க வேண்டிய பாரம் வெட்டுகிறவர் மேல்தான்.

புது மருந்து வந்தால் செய்தியாகிறது. அதில் தப்பில்லை. நிவோலுமாப், இபிலிமுமாப் என்ற இரண்டு இம்யூனோதெரபி (உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும்) மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்ததில், கீமோவில் 14.1 மாதமாக இருந்த அதே 'பாதிப் பேர் தாண்டிய' கணக்கு 18.1 மாதமானது. 2020ல் அமெரிக்கா அனுமதித்தது. கீமோவுக்கு அவ்வளவாக மசியாத செல் வகைகளில் வித்தியாசம் இன்னும் பெரிது: 8.8 மாதம் இருந்த இடத்தில் 18.1. பெரியப்பா காலத்தில் இது இல்லையே என்று எனக்கு ஆதங்கம் உண்டு. ஆனால் "இதைச் செய்யாதீர்கள்" என்று சொன்ன மார்ஸ் 2 அதைவிடச் சின்னச் செய்தி இல்லை. என் கண்ணில் பட்ட எந்தத் தமிழ்ப் பத்திரிகையிலும் அது ஒரு வரிகூட வரவில்லை. ஒரு குடும்பம் நிலத்தை விற்று, ஆளை மேஜையில் கிடத்தி, மிச்சமிருக்கும் மாதங்களில் சிலவற்றைத் தையல் பிரிக்கவும் குழாய் எடுக்கவும் அலைந்தே தீர்ப்பதை இந்த ஆய்வு தடுக்கும். மருந்துக் கம்பெனிக்கு இதில் விற்க எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

பெரியப்பாவுக்குக் கடைசிவரை ஆபரேஷன் நடக்கவில்லை. கீமோ எடுத்துக்கொண்டு பதினோரு மாதம் இருந்தார். அதில் எட்டு மாதம் காலையில் தானே நடந்துபோய் டீ குடித்துவிட்டு வந்தார். வேறு ஊருக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்திருக்க வேண்டுமோ என்று பன்னிரண்டு வருடம் எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. மார்ஸ் 2 முடிவைப் படித்த ராத்திரி பெரியம்மாவுக்குப் போன் செய்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அந்த 335 பேரும் குலுக்கிப் போட்டுப் பாக்க எப்படிடா ஒத்துக்கிட்டாங்க?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.