லாரி டயருக்கு இல்லை சார், ஏர்பிரஷுக்கு!

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு என் மிக்-21 மாடல் விமானத்தின் இறக்கைமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. கூரை ஒழுகவில்லை. என் கையிலிருந்த ஏர்பிரஷே (காற்றை வைத்துப் பெயின்ட் தூவுகிற, பேனா மாதிரி ஒரு கருவி) துப்பியது. மூன்று வாரம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பளபளவென்று கறுப்பு அடிப்பூச்சு கொடுத்து, அதற்குமேல் பனி இறங்குவதுபோல வெள்ளி நிறத்தைத் தூவிக்கொண்டிருந்தேன். 1963-இல் நம் விமானப்படைக்கு வந்து 2025 செப்டம்பரில் சண்டிகரில் விடைபெற்ற விமானம். அதற்கு என்னால் ஆன மரியாதை, 1/48 அளவில். மற்ற நிறங்களில் எதையாவது ஒப்பேற்றலாம், வெள்ளியில் முடியாது; ஒரு தூசு, ஒரு விரல் ரேகை இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். சொட்டு விழுந்த இடத்தில் இப்போது அம்மைத் தழும்பு மாதிரி ஒரு வட்டம்.

வயிறு எரிகிறது. தூக்கமும் வரவில்லை. உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஏர்பிரஷுக்குக் காற்றை அமுக்கித் தர ஒரு கம்ப்ரஸர் வேண்டும். நான் அப்படி என்ன பெரிதாகக் கேட்டுவிட்டேன்? 15-லிருந்து 20 பிஎஸ்ஐ காற்று. பைக் டயரில் இருப்பதைவிடக் குறைவு. அது துடிக்காமல் வரணும், ஈரமில்லாமல் வரணும், தூங்குகிறவர்களை எழுப்பாமல் வரணும். ஏர்பிரஷின் மூக்கு 0.3 மில்லிமீட்டர், அதற்குள் யானையா நுழையப் போகிறது? இதைப் பத்தாயிரம் ரூபாய்க்குள் கேட்டதுதான் நான் செய்த பாவம்.

முதலில் வாங்கியது பேட்டரியில் ஓடும் கையடக்க சாமான். ஏர்பிரஷின் அடியிலேயே குட்டி மோட்டார் ஒட்டிக்கொண்டிருக்கும். நகத்துக்கும் கேக்குக்கும் நிறம் தெளிக்கச் செய்தது என்று பெட்டிக்குள் இருந்த காகிதத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அழுத்தத்தைக் கூட்டவும் வழியில்லை, குறைக்கவும் வழியில்லை. அக்ரிலிக் பெயின்ட் ஊசிமுனையில் கொஞ்சம் காய்ந்தால் போதும், அதைத் தள்ளக்கூடத் தெம்பில்லாமல் இருமும். அது இப்போது என் பெண்ணின் விளையாட்டுச் சாமான்.

அப்புறம் ஆரம்பித்தது இலவச ஆலோசனை. மச்சான் சொன்னான், "கார் டிக்கியிலயே டயருக்குக் காத்தடிக்கிறது இருக்கே மாமா, அதுவும் கம்ப்ரஸர்தானே?" கம்ப்ரஸர்தான்டா. ஆனால் டேங்க் இல்லை. உள்ளே பிஸ்டன் ஒவ்வொரு தடவை இடிப்பதும் அப்படியே குழாய் வழியாகப் பெயின்டில் வந்து இறங்கும். நேர்கோடு போட்டால் ஏணிப்படி வரும். பத்து நிமிடம் ஓட்டினால் பாதி மணி நேரம் ஓய்வு கொடுக்கணும், இல்லையென்றால் கை வைக்க முடியாத சூடு. இன்னொருவர் மீன் தொட்டி மோட்டாரை வைத்துப் பார்க்கச் சொன்னார். அது தண்ணீரில் குமிழி விடும், அதோடு சரி.

பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸரைக் கழற்றிச் செய்யச் சொன்னவர்களிடம் மட்டும் எனக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. சத்தம் நிஜமாகவே பூனை நடைதான். ஆனால் அது எண்ணெயில் ஊறி ஓடுகிற சாதனம். காற்றோடு எண்ணெய்த் துளியும் வரும், அதைப் பிரித்தெடுக்கத் தனியாக வடிகட்டி மாட்டணும். அதையும் பொறுத்துக்கொள்ளலாம். டேங்குக்காகக் கண்ட இரும்பு உருளையை எடுத்து நாமே பற்றவைப்பதுதான் வயிற்றைக் கலக்குகிறது. சேஃப்டி வால்வு இல்லாமல் அதை மேஜைக்கடியில் வைத்துக்கொண்டு மேலே உட்கார்ந்து பொம்மை செய்ய எனக்கு நெஞ்சுரம் போதாது. பெண் குழந்தை இருக்கிற வீடு.

சரி, முறையாகக் கடையிலேயே வாங்கலாம் என்று பாரிமுனைப் பக்கம் போனேன்.

"எத்தனை ஹெச்பி சார் வேணும்?"

"ஹெச்பி தெரியாதுங்க. நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் காத்து வரும்?"

ஏற இறங்கப் பார்த்தார். "லாரி டயரே அடிக்கலாம் சார். 8 பார் வரும்." (ஒரு பார் என்றால் சுமார் 14.5 பிஎஸ்ஐ.)

"லாரி இல்லைங்க... சின்னதா ஒரு பொம்மைக்குப் பெயின்ட் அடிக்கணும்."

பொம்மை! என் வாயாலேயே சொன்னேன். அவரைக் குறை சொல்லவும் மனமில்லை. கம்ப்ரஸர் என்றால் நம்மூரில் எல்லோர் கண்ணிலும் வருவது பஞ்சர் கடை மூலையில் உறுமுகிற எல்ஜிதான் (கொரியாக்காரர்களுடையது இல்லை, 1960-இல் கோவையில் தொடங்கியது). அந்தக் கடையில் நிற்கிற மெஷின் எல்லாம் அந்த வேலைக்கானது.

ஆன்லைனில் விற்கிறவர்கள்மேல்தான் எனக்கு ஆத்திரம். கொட்டை எழுத்தில் "150 பிஎஸ்ஐ" என்று போடுகிறான். 150-ஐ வைத்து நான் என்ன செய்ய, குழாயைக் கிழிக்கவா? எனக்கு வேண்டிய எண், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று என்பது. அதைத் தேடினால் இருக்காது. இருந்தாலும், எதிரழுத்தமே இல்லாமல் சும்மா ஊதவிட்டு அளந்த கணக்காக இருக்கும். டேங்கில் 3 பார் ஏறிய பிறகு எவ்வளவு தரும் என்று கேளுங்கள், வாயே திறக்க மாட்டான். "சைலன்ட்" என்று ஒரு வார்த்தை வேறு. எத்தனை டெசிபல் என்று கேட்டால் "ரொம்பக் குறைவு சார்" என்று பதில்.

கடைசியில் எல்லோரும் போய் விழுகிற குழியிலேயே நானும் விழுந்தேன். ஏஎஸ்-186. ஒரே சீன மெஷின். ஸ்டிக்கர் மட்டும் கடைக்குக் கடை மாறும். சிவப்பு ஸ்டிக்கர் ஒரு விலை, நீல ஸ்டிக்கர் அதைவிட மூவாயிரம் கூட. உள்ளே எண்ணெய் தேவைப்படாத ஒற்றை பிஸ்டன், 3 லிட்டர் டேங்க். 3 பாருக்கு இறங்கினால் தானாக ஓடும், 4 பார் ஏறினால் நிற்கும். இத்தனை தேடலில் நான் பார்த்ததில் உருப்படியானது இதுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். 3 லிட்டர் டேங்க் 4 பாரிலிருந்து 3 பாருக்கு இறங்கும்போது வெளியே வருவது வெறும் 3 லிட்டர் காற்று. என் ஏர்பிரஷ் நிமிடத்துக்குச் சுமார் 10 லிட்டர் குடிக்கிறது என்று வையுங்கள். 18 விநாடியில் அது தீர்ந்துவிடும், மோட்டார் மறுபடி "கடகட". ஒரு மணி நேரம் வேலை செய்தால் பாதி நேரத்துக்கு மேல் அது ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. 47 டெசிபல் என்று பெட்டியில் போட்டிருக்கிறது, காதுக்கு நிஜமாகவே அதிகமில்லை. ஆனால் அதிர்வு தரை வழியாகக் கீழ்வீட்டுக்குப் போவதை எந்தப் பெட்டியில் போட்டிருக்கிறான்? கீழ்வீட்டு அம்மா இரண்டாம் நாளே கேட்டுவிட்டார்: "ஏம்ப்பா, மேல மாவு மில்லு வெச்சிருக்கியா?" காலை ஆறு மணிக்கு அவர் வீட்டு கிரைண்டர் ஓடுவதை நான் என்றாவது கேட்டிருப்பேனா? பழைய யோகா பாயை நான்காக மடித்துக் கீழே வைத்தபிறகு சமாதானம்.

பிறகு குழாய் மாட்டுகிற கூத்து. ஏர்பிரஷ் பக்கம் அரைக்கால் இஞ்சு மரை, என்னிடம் இருந்த குழாயில் கால் இஞ்சு. ஹார்டுவேர் கடையில், "அரைக்காலெல்லாம் இப்ப யார் சார் கேக்குறா?" என்றார்கள். ஏர்பிரஷ் கம்பெனியிலும் சிலது உலகத்துக்கே ஒரு மரை என்றால் தனக்கு மட்டும் தனி மரை வைத்துக்கொள்ளும். நாலு கடை ஏறி ஒரு பித்தளை இணைப்பு வாங்கி, டெஃப்லான் டேப் சுற்றி, சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்து முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. அழுத்தத்தைக் குறைத்து வைக்கிற ரெகுலேட்டரில் 20 பிஎஸ்ஐ வைத்தால், ஏர்பிரஷின் விசையை அழுத்தியதும் முள் 14-க்கு இறங்குகிறது. காற்று ஓடும்போது பார்த்து வைக்கணுமாம். இதையும் ஒருத்தன் எழுதி வைக்கவில்லை.

இப்போது அந்தச் சொட்டுக்கு வருகிறேன். மெஷினோடு ஒரு கண்ணாடிக் கிண்ணம் மாட்டித் தருகிறான், தண்ணீரைப் பிடிக்குமாம். எங்கே மாட்டியிருக்கிறான்? டேங்கை ஒட்டியே. காற்றை அமுக்கினால் சூடாகும். அரை மணி நேரம் ஓடிய பிறகு டேங்கும் சூடு, அதிலிருந்து வருகிற காற்றும் சூடு, ஈரம் ஆவியாகவே அந்தக் கிண்ணத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. அப்புறம் குழாயில் போகும்போது ஆறி, அங்கே தண்ணீராகி, என் வெள்ளி இறக்கைமேல் துப்புகிறது. சென்னையில் ஐப்பசி கார்த்திகையில் துவைத்த துணியே இரண்டு நாளைக்குக் காயாது; அந்தக் காற்றை அமுக்கினால் பிழிந்த மாதிரிதான் வரும். இதற்கு நீளக் குழாய் வேண்டும், காற்று ஆறுவதற்கு. ஏர்பிரஷின் கழுத்தடியில் இன்னொரு சின்னக் கிண்ணமும் வேண்டும். இரண்டும் தனிக் காசு. டேங்கின் அடியில் ஒரு திருகு இருக்கிறது, வேலை முடிந்ததும் திறந்து தண்ணீரை விடணும். அந்தத் திருகைப் பற்றி அவன் கொடுத்த காகிதத்தில் ஒரே வரி, அதுவும் சீன மொழியில்.

இதில் பெரிய வயிற்றெரிச்சல் என்ன தெரியுமா? போன மாதம் ரூட் கெனால் செய்யப் போனேன். வாயைத் திறந்து படுத்திருக்கிறேன், பல் டாக்டர் கருவியில் காற்று வருகிறது. உலர்ந்த காற்று, ஒரே சீராக. பக்கத்து அறையில் மெஷின் ஓடுகிற சத்தமே இல்லை. வாயில் பஞ்சோடு கேட்டேன், "உங்க கம்ப்ரஸர் எங்க டாக்டர்?" அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு கூட்டிப்போய்க் காட்டினார். எண்ணெய் இல்லாத மெஷின், 30 லிட்டர் டேங்க். காலையில் ஏற்றிவிட்டால் ரொம்ப நேரம் அதுபாட்டுக்கு நிற்குமாம்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். சாதாரண 25 லிட்டர் டேங்காகவே இருக்கட்டும், 8 பாரிலிருந்து 2 பாருக்கு இறங்கும்போது 150 லிட்டர் காற்று. என் ஏர்பிரஷுக்குக் கால் மணி நேரம், மோட்டார் ஓடாமலே! சாயங்காலம் சீரியல் நேரத்தில் ஏற்றிவைத்தால் கீழ்வீட்டு அம்மாவுக்கே தெரியாது. காற்றும் டேங்கிலேயே ஆறி, தண்ணீர் அடியில் தங்கிவிடும். பாரிமுனைக் கடைக்காரர் அன்றைக்குக் காட்டியது இதைத்தான். நான்தான் லாரிக்கு இல்லை என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

டாக்டர் பழைய மெஷினை மாற்றும்போது எனக்கே தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்காக இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் சுத்தம் செய்யப் போவதாக முடிவு. வீட்டில் கேட்டால் ஈறு பலவீனம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இந்த வரியை எழுதுவதற்கு முன்னால் போய் அந்த அடித் திருகைத் திறந்தேன். செய்தித்தாளில் இரண்டு ஸ்பூன் துருத்தண்ணீர். இனி 2000 நம்பர் உப்புத்தாளை நனைத்து இறக்கையைத் தேய்க்கணும், கறுப்பிலிருந்து.