ஒட்டிய நஞ்சுக்கொடிக்கு இரண்டு நாள் பயிற்சி போதுமா?
பிரசவத்தில் தானாகப் பிரிய வேண்டிய நஞ்சு (நஞ்சுக்கொடி) பிரியாமல் கர்ப்பப்பையோடு ஒட்டிக்கொண்ட கேஸ்களை, பொம்மையில் இரண்டு நாள் பயிற்சி எடுத்த எந்த மகப்பேறு டாக்டரும் சமாளித்துவிடலாம் என்கிறது இங்கே வந்திருக்கும் கட்டுரை. ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து கொடுக்கிற எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு 600, 700 மில்லி ரத்தம் பாய்கிறது. ஒட்டிய நஞ்சைப் பிடித்து இழுத்தால் ரத்தம் எப்படிக் கொட்டும் என்பதைச் சிலிக்கான் பொம்மை காட்டாது. வயிற்றைத் திறந்ததும் கர்ப்பப்பையின் அடிப்பாகம் நீலம் பாரித்து உப்பி, மேலே ரத்தக்குழாய்கள் பின்னிக் கிடந்தால் அங்கே கத்தியே வைக்கக் கூடாது. நஞ்சு இல்லாத இடமாகப் பார்த்து வெட்டி, குழந்தையை எடுத்து, தொப்புள்கொடியைக் கட்டி, நஞ்சைத் தொடாமலே தையல் போட்டுவிட்டு, அப்புறம் கர்ப்பப்பையை அகற்றுவதுதான் பெரும்பாலும் செய்வது. அனுபவசாலி பக்கத்தில் நின்று பல கேஸ் பார்த்தால்தான் கை அதற்குப் பழகும். மூத்திரப்பையும் ஒட்டியிருந்தால் யூராலஜிஸ்ட் (சிறுநீர்ப்பாதை அறுவை டாக்டர்) வேறு வேண்டும். மேலே கருத்துச் சொன்ன ஒருவர் 'இதெல்லாம் அபூர்வம்' என்று எழுதியிருக்கிறார். சரி, பொதுவாக அபூர்வம்தான். ஆனால் நஞ்சு கர்ப்பப்பை வாயை மூடும் அளவுக்குக் கீழே இறங்கியிருந்து, அது மூன்றாவது சிசேரியனாகவும் இருந்தால் 100 பேரில் சுமார் 40 பேருக்கு ஒட்டியிருந்ததாக 2006இல் வந்த அமெரிக்க ஆய்வு சொல்கிறது. பயிற்சியை ஸ்கேன் பார்ப்பவரிடமிருந்து தொடங்குங்கள். முன்கூட்டியே தெரிந்தால்தான் ரத்தம் ஏற்பாடு செய்யவோ, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவோ நேரம் கிடைக்கும்.