தெரு இருட்டு, புகார் ‘தீர்க்கப்பட்டது’

நேற்று இரவு ஏழேகாலுக்குக் கைபேசியில் நகராட்சியிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி. “அன்புடையீர், தங்கள் புகார் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவையை மதிப்பிடவும்.” கீழே ஐந்து நட்சத்திரங்கள். எழுந்துபோய் சன்னலைத் திறந்து பார்த்தேன். தெரு கும்மிருட்டு. எதிர்வீட்டுப் பெரியவர் ஒரு கையில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கேட் பூட்டைத் துழாவிக்கொண்டிருந்தார். இது நான்காவது முறை. ஒரே கம்பம், ஒரே விளக்கு, நான்கு புகார் எண்கள், நான்கு ‘தீர்க்கப்பட்டது’.

முதல் புகாருக்கு மறுநாளே பதில் வந்தது. ஆகா, என்ன வேகம் என்று நானே நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னேன். பதில் இதுதான்: “ஆய்வு செய்யப்பட்டது. விளக்கு எரிகிறது.” இரண்டாவதை, ‘ஏற்கெனவே பதிவான புகார்’ என்று சொல்லி மூடினார்கள். அந்த ஏற்கெனவே பதிவான புகார்தான் ஏற்கெனவே மூடப்பட்டுவிட்டதே, அப்புறம் இது எதற்குள் போய்ச் சேர்ந்தது? மூன்றாவது, ‘சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டது’. அனுப்பியதும் தீர்ந்த கணக்காம். நான்காவதற்கு ஆதாரமாக ஒரு புகைப்படமே வைத்திருந்தார்கள். உச்சி வெயிலில் எடுத்த ஒரு விளக்குக் கம்பம், அதன் பின்னால் குடை விரித்தாற்போல் ஒரு பெரிய மரம். எங்கள் தெருவில் மரமே கிடையாது.

விளக்குக்கு என்ன கோளாறு என்று எனக்கு இப்போது நன்றாகவே தெரியும். தெரிந்துகொள்ள வைத்துவிட்டார்கள். அது மஞ்சளாக எரிகிற சோடியம் விளக்கு. வயதாக வயதாக, எரிந்துகொண்டிருப்பதற்கு அதற்கு வேண்டிய மின்னழுத்தம் கூடிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் சோக்கால் அதைக் கொடுக்க முடியாது, விளக்கு அணைந்துவிடும். சில நிமிடம் ஆறும், மறுபடி பற்றும், சூடானதும் மறுபடி அணையும். இரவு முழுக்க இதே கூத்து. மின்வேலை தெரிந்த யாரும் கீழே நின்று கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தால் ‘பல்பு முடிஞ்சுது, மாத்தணும்’ என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் வண்டியில் போகிற போக்கில் ஒரு பார்வை பார்த்தால், எரிகிற நேரமாக இருந்தால், எரிகிறதுதான். ‘விளக்கு எரிகிறது’ என்று எழுதியவர் பொய் சொல்லவில்லை. அரை நிமிட உண்மையை எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.

இதையெல்லாம் புகாரில் எழுதலாம் என்றால் அதற்கு இடம் வேண்டுமே. செயலியில் தெருவிளக்கு என்று போனால் மூன்றே மூன்று தேர்வுகள்: எரியவில்லை, பகலிலும் எரிகிறது, கம்பம் சாய்ந்துள்ளது. ‘எரிந்து எரிந்து அணைகிறது’ என்று ஒரு கோளாறு இருக்கலாம் என்று அதை வடிவமைத்தவருக்குத் தோன்றவில்லை. விளக்கம் எழுதும் பெட்டியில் நூறு எழுத்துக்கு மேல் ஏற்காது. தமிழில் எழுதினால் ஒற்றெழுத்துப் புள்ளியையும் கொம்பையும் காலையும் தனித்தனியாக எண்ணிக்கொள்கிறது போல, பாதி வாக்கியத்திலேயே நூறு ஆகிவிடுகிறது.

சரி, யாரைத் திட்டுவது? ஏணி வண்டியோடு சுற்றுகிற லைன்மேனையா? எத்தனை தெருவுக்கு ஒரு வண்டி வைத்திருக்கிறார்களோ. அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. கோபமெல்லாம் அந்த எண்ணிக்கையின் மேல்தான். புகார் வந்த நிமிடத்திலிருந்து ஒரு கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. கெடுவுக்குள் மூடாவிட்டால் திரையில் சிவப்பு, மூடிவிட்டால் பச்சை. மாதக் கூட்டத்தில் மேலதிகாரி பார்ப்பது பச்சையையும் சிவப்பையும்தான், எங்கள் தெருவை அல்ல. இப்படிச் செய்தால் என்ன நடக்கும்? விளக்கைச் சரிசெய்வதைவிடப் புகாரை மூடுவது எளிது என்று எந்த மனிதருக்கும் ஒரு வாரத்தில் விளங்கிவிடும். பிரிட்டனின் பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் 1975இல் பணக் கொள்கையைப் பற்றிப் பேசும்போது தொட்ட விஷயம் இது. இன்று அவர் பெயரிலேயே ஒரு விதியாகப் புழங்குகிறது: அளவுகோலையே இலக்காக்கிவிட்டால் அது அளவுகோலாக இருக்கும் தகுதியை இழந்துவிடும். அவர் வங்கிகளை நினைத்துச் சொன்னது, என் வீட்டு வாசல் கம்பத்துக்கு அச்சாகப் பொருந்துகிறது.

இந்த ஏற்பாடெல்லாம் தொடங்கிய நோக்கம் நல்ல நோக்கம்தான். அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் 1996இல் 311 என்ற எண்ணைக் கொண்டுவந்தது. உயிர் போகிற அவசரத்துக்கான 911ஐ, அவசரமில்லாத விஷயங்களுக்கும் எல்லாரும் அழைத்துத் திணறடித்ததால் வந்த யோசனை அது. 1999இல் சிகாகோ அந்த எண்ணையே நகரச் சேவைகள் எல்லாவற்றுக்குமான வாசலாக்கியது. 2003இல் நியூயார்க்கும் சேர்ந்துகொண்டது. அதன் சாரம் ஒன்றுதான்: எது எந்தத் துறை என்று குடியிருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிரச்சினையைச் சொல், யாரிடம் அனுப்புவது என்பது எங்கள் பாடு.

எங்களுக்கு வாய்த்ததோ, ஒரு செயலி, இரண்டு இணையதளங்கள், ஒரு வாட்ஸ்அப் எண், எப்போதும் ‘தாங்கள் அழைத்த எண் உபயோகத்தில் உள்ளது’ என்கிற ஒரு தொலைபேசி. இதில் பதிந்தது அதற்குத் தெரியாது. தொலைபேசியில் ஒருவழியாக ஆள் கிடைத்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி, “விளக்கு பிரச்சினையா, கேபிள் பிரச்சினையா? விளக்குன்னா நாங்க, கேபிள்னா அவங்க.” அம்மா, அதைக் கண்டுபிடிக்கத்தானே உங்களுக்கு ஒரு துறை வைத்திருக்கிறார்கள்? நானே கம்பத்தில் ஏறிப் பார்த்துவிட்டு வந்து சொன்னால் பல்பையும் நானே மாற்றிவிட்டு இறங்கமாட்டேனா?

நான் கேட்பது நிலவைப் பிடித்துத் தரச் சொல்லி அல்ல. பிரிட்டனில் மைசொசைட்டி என்கிற ஒரு தொண்டு அமைப்பு 2007லேயே ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் என்று ஒரு தளத்தைத் தொடங்கியது. வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்து, பள்ளமோ குப்பையோ விளக்கோ, எழுதி அனுப்பினால் அந்தப் பகுதிக்குரிய உள்ளாட்சிக்கு அது தானாகப் போய்ச் சேரும். புகார் எல்லார் கண்ணுக்கும் தெரியும், பக்கத்து வீட்டுக்காரர் அதையே மறுபடி பதிய வேண்டாம். எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறு ஒன்று. நான்கு வாரம் கழித்து, புகார் கொடுத்தவருக்கே மின்னஞ்சல் வரும்: சரியாகிவிட்டதா?

அவ்வளவுதான். ஒரு கேள்வி. பள்ளத்தில் தினமும் விழுந்து எழுந்து போகிறவரிடம், பள்ளம் மூடியாயிற்றா என்று கேட்பது. எங்கள் ஊர்த் திரையிலோ புகாரைத் திறக்க மட்டும்தான் எனக்குப் பொத்தான், மூடுகிற பொத்தான் அவர்களிடம். பரீட்சை எழுதியவரே விடைத்தாளையும் திருத்திக்கொண்டு நூற்றுக்கு நூறு போட்டுக்கொள்கிற வசதி.

நகராட்சி தரும் செய்திகளும் இதே ரகம்தான். இணையதளத்தில் ‘செய்திகள்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. போன வாரம் அதைத் திறந்தேன், குழாயில் ஏன் தண்ணீர் வரவில்லை என்று பார்க்க. நாடா வெட்டும் படம், கொடி அசைக்கும் படம், பொன்னாடை போர்த்தும் படம், கட்டி முடிக்காத கட்டடத்தை நால்வர் சுட்டிக்காட்டும் படம். தண்ணீர் பற்றி ஒரு வரி இல்லை. காலை ஒன்பது மணிக்கு நின்ற தண்ணீருக்கான அறிவிப்பு பதினொன்றே காலுக்கு வந்தது: “பராமரிப்புப் பணிகள் காரணமாகச் சில பகுதிகளில் குடிநீர் விநியோகம் தற்காலிகமாக நிறுத்தப்படும் என்பது அறிவிக்கப்படுகிறது.” சில பகுதிகள் என்றால் எந்தப் பகுதிகள்? தற்காலிகம் என்றால் மதியம் வரையா, மாதக் கடைசி வரையா? நிறுத்தப்படும் என்றால், ஐயா, நின்று இரண்டு மணி நேரம் ஆயிற்றே! ஒரு பக்க அறிவிப்பில் எனக்குப் பயன்படுகிற தகவல், அதன் அடியில் இருந்த அலுவலக முத்திரை மட்டும்தான். யாரைத் திட்ட வேண்டும் என்பதாவது தெரிந்தது.

அதையும் எழுத்தாகப் போடவில்லை. அச்சடித்து, கையெழுத்து வாங்கி, கோணலாக ஸ்கேன் செய்து, படமாக ஏற்றியிருந்தார்கள். கைபேசியில் விரலால் விரித்து விரித்து, இடமும் வலமும் தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டும். என் மாடியில் குடியிருப்பவருக்குக் கண்பார்வை இல்லை. அவருடைய கைபேசி, திரையில் இருக்கும் எழுத்தை வாய்விட்டுப் படித்துக்காட்டும். இந்த அறிவிப்பைத் திறந்தால் அது ‘படம்’ என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறது. தண்ணீர் நின்ற சேதி அவருக்கு, நிரம்பாத வாளியிலிருந்து தெரிந்தது. படத்துக்கு ஈடான எழுத்தையும் தர வேண்டும் என்று உலகளாவிய வலைக் கூட்டமைப்பு தன் அணுகல் வழிகாட்டியில் எழுதி வெளியிட்டது 1999இல். கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. அந்த அறிவிப்பை எப்படியும் ஒரு கணினியில்தானே தட்டச்சு செய்திருப்பார்கள்? எழுத்தாக இருந்ததைப் பாடுபட்டுப் படமாக்கியிருக்கிறார்கள்!

1979இல் லண்டனில், நாடாளுமன்றத்துக்கு எதிரே உள்ள சதுக்கத்தில், கிரிஸ்ஸி மாஹர் என்ற பெண்மணி, யாருக்கும் புரியாத நூற்றுக்கணக்கான அரசுப் படிவங்களைக் கொண்டுவந்து எல்லார் முன்னிலையிலும் துண்டு துண்டாக்கினார். எளிய ஆங்கிலத்துக்கான இயக்கத்தை அப்படித்தான் தொடங்கினார். அந்த ‘சில பகுதிகளில்’ அறிவிப்பைப் படித்த அன்று எனக்கும் அதே ஆசை வந்தது. ஆனால் திரையில் இருப்பதை எப்படிக் கிழிப்பது?

பொறாமையாக ஒரு விஷயம் சொல்லட்டுமா? ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரம் 2013இல் தன் மரங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு எண்ணும் மின்னஞ்சல் முகவரியும் கொடுத்தது. கிளை முறிந்தால், பட்டுப்போனால் தெரிவிப்பதற்காக. மக்களோ மரங்களுக்குக் காதல் கடிதம் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். ‘உன்னைப் பார்த்துக்கொண்டேதான் தினமும் வேலைக்குப் போகிறேன்’ என்கிற தினுசில். அவற்றில் சிலவற்றுக்கு மரத்தின் சார்பில் பதிலும் போனது! ஒரு மரத்துக்கு வந்த கடிதத்தை உட்கார்ந்து படித்து, யோசித்துப் பதில் எழுத ஒரு நகராட்சியில் ஆள் இருந்திருக்கிறார். இங்கே நாலு தடவை எழுதியவருக்குக் கிடைத்தது, வேறு எங்கோ நிற்கும் ஒரு மரத்தின் படம்.

‘இதெல்லாம் செயலியில் நடக்காதுங்க, கவுன்சிலரை நேரில் பாருங்க’ என்று இதைப் படித்துவிட்டு ஒருவர் நிச்சயம் சொல்வார். தெரியும். பின்தெருவில் ஒருவர் அப்படித்தான் செய்தார். கவுன்சிலரின் உறவுக்காரரை அவருக்குத் தெரியுமாம். காலையில் பேசினார், சாயங்காலம் ஏணி வண்டி வந்து நின்றது, புதுவிளக்கு பளீரென்று எரிகிறது. அவர் புகாரே பதியவில்லை, அதனால் ‘தீர்க்கப்பட்டது’ என்ற செய்திகூட அவருக்கு வரவில்லை. விளக்கு வந்தது, செய்தி வரவில்லை. எனக்குச் செய்தி வந்தது, விளக்கு வரவில்லை. எனக்கு வயிறு எரிவதே இந்த இடத்தில்தான். வண்டி இருக்கிறது, பல்பு இருக்கிறது, ஆள் இருக்கிறார், ஒரே நாளில் செய்யவும் முடிகிறது. முன்வாசலில் வரிசையில் நிற்கிறவருக்கு எண் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, பின்வாசல் வழியாக வருகிறவருக்கு வேலை செய்கிறார்கள். எதிர்வீட்டுப் பெரியவருக்கு உறவுக்காரரையும் தெரியாது, செயலியும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது டார்ச்.

நேற்று அந்த மதிப்பீட்டுப் பக்கத்தில் ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்தேன். பூஜ்யம் கொடுக்க வழியில்லை. ‘காரணம் கூறவும்’ என்றது. கூறினேன், நூறு எழுத்துக்குள். “தங்கள் கருத்துக்கு நன்றி. இப்புகார் முடிக்கப்பட்டுவிட்டதால் மீண்டும் திறக்க இயலாது. தேவையெனில் புதிய புகாரைப் பதியவும்.”

பதிந்தேன். இந்த முறை விடக்கூடாது என்று மாடியில் கைபேசியைச் சுவரில் சாய்த்து வைத்து, விளக்கு எரிவதையும் அணைவதையும் இருபது நிமிடம் காணொளியாகவே எடுத்தேன். பதிவேற்றினால், ‘கோப்பின் அளவு அதிகம்’ என்றது. வெட்டினேன். இன்னும் அதிகம். வெட்டிக்கொண்டே போய், கடைசியில் அது ஏற்றுக்கொண்டது எட்டு விநாடி. எட்டு விநாடியும் விளக்கு ஜோராக எரிந்துகொண்டிருக்கிறது.