தொறக்காத பூட்டுக்குத் துட்டு

(பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு தெருமுனை. சாவி போடும் பாய் பிளாட்பாரத்தில் சாவிக்கொத்துகளை மாட்டிக்கொண்டிருக்கிறார். காசிமேட்டிலிருந்து நாகம்மா மீன்பாடி வண்டியில் வந்து இறங்குகிறார், கூடவே ஓர் ஐஸ் பொட்டி. அது கிட்டே வரும்போதே விஷயம் மூக்குக்குப் புரிந்துவிடும்.)

நாகம்மா: யோவ் பாய்! நேத்து எங்கய்யா பூட்ட? மூணு தபா வந்தேன். கடைய மூடிக்கினு கீற!

பாய்: வாக்கா, குந்து. இன்னா பொட்டியோட வந்துகீற?

நாகம்மா: சாவி கடலுக்குள்ள பூட்சி. நேத்து மத்தியானத்துலேர்ந்து உள்ள அஞ்சு கிலோ வஞ்சிரம். கையில ஐஸு வச்சிக்கினு நிக்கிறேன். மீனு உள்ள, ஐஸு வெளிய. எப்டிப் போடுறது, ஊசி வழியாவா?

பாய்: சுத்தியால ஒரு போடு போட்டிருந்தா...

நாகம்மா: வாயக் கய்வு. எங்க நைனா திண்டுக்கல்லேர்ந்து வாங்கியாந்த பூட்டு அது. அவரு பூட்டாரு, பூட்டு கீது.

பாய்: (பூட்டைத் தடவுகிறார்) அடடா! மாங்கா பூட்டு. கையால ராவுனது, மெஷின்ல அடிச்சதில்ல. 2019ல திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு குடுத்தாங்க, தெரியுமா?

நாகம்மா: குறியீடு குடுத்தா தொறந்துக்குமா?

பாய்: தொறக்கிறேங்க்கா. நேத்து போன எடத்துல கூட இந்த மாதிரி ஒரு பூட்டு. பெரம்பூர்ல ஒரு மொட்ட மாடி. ஐசிஎஃப்ல தச்சு வேல பாத்து ரிட்டயர் ஆன பெரியவரு கூப்டாரு. பன்னெண்டு பேரு. எல்லாரும் புதிர் சேக்கிறவங்க, செய்யிறவங்க.

நாகம்மா: இன்னா புதிரு? விடுகதையா?

பாய்: கையால பண்றது. மரக்கட்ட, கம்பி, பொட்டி, பூட்டு. பிரிக்கணும், இல்லாட்டி சேக்கணும். ரூபிக் க்யூப் பாத்துகீற இல்ல, அது இந்த சாதிசனத்துல ஒரு புள்ள.

நாகம்மா: ஐஸு கரையுதுய்யா.

பாய்: (வெட்டாத சாவி ஒன்றை மெழுகுவத்திப் புகையில் காட்டுகிறார்) வேல நடக்குதுக்கா, நீ கேளு. 1978ல அமெரிக்காவுல ஜெர்ரி ஸ்லோகம்னு ஒருத்தரு, தன் வூட்டு ஹால்ல கொஞ்சம் பேரக் கூப்ட்டு ஆரமிச்சது இந்தப் புதிர்க் கூட்டம். இப்ப வருசத்துக்கு ஒரு நாடு. அழைப்பு இருந்தாத்தான் உள்ள வுடுவாங்க. அங்க ஒரு பயக்கம் கீது. புதிர் மாத்திக்கிறதுல சேர்றவங்க ஆளாளுக்கு புதுசா ஒரு புதிர் கொண்டாந்து, அதுல சேந்த அத்தினி பேருக்கும் ஒன்னு குடுக்கணும். அவங்க கிட்டேர்ந்து ஒன்னொன்னா வாங்கிக்கினு வரணும்.

நாகம்மா: மொய்யி!

பாய்: அதேதான். நோட்டுப் போட்டு எழுதல, அவ்ளோதான்.

நாகம்மா: நூறு பேரு வந்தா நூறு புதிரா? வூட்ல எங்கய்யா வைக்கிறது?

பாய்: ஸ்லோகம் கிட்ட 30,000க்கு மேல சேந்துட்சி. அப்பால இண்டியானா யுனிவர்சிட்டி லைப்ரரிக்குக் குடுத்துட்டாரு.

நாகம்மா: பொண்டாட்டி குடுக்கச் சொல்லிருப்பா. எங்க வூட்ல நாலு பழைய வலைய வச்சிக்கினு அந்தாளு ஆடுற ஆட்டம் எனக்குத் தெரியாதா?

(பாய் புகைபிடித்த சாவியைப் பூட்டுக்குள் விட்டுத் திருப்புகிறார். வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்க்கிறார். கறுப்பில் மெல்லிசாக இரண்டு கீறல். அந்த இடத்தில் மட்டும் அரத்தால் ராவுகிறார்.)

பாய்: நேத்து என்னப் பேஜாரு பண்ணிட்டாங்கக்கா. ஒருத்தரு ஒரு பூட்ட கையில குடுத்தாரு. சாவியும் குடுத்தாரு. "தொறங்க பாய்"ன்னாரு. சாவி போயி சுத்துது, பூட்டு தொறக்கல. நான் இன்னா பண்ணேன், சட்டப் பையிலேர்ந்து கம்பிய எடுத்தேன், அரை நிமிசம், சோக்கா தொறந்துட்டேன்.

நாகம்மா: கை தட்டினாங்களா?

பாய்: எழவு வூடு மாதிரி ஆயிட்சி. "பாய், அது தப்பு. கம்பி, சுத்தி, பலம் எதுவும் ஆவாது. எங்கியோ ஒரு ஆணி நகரும், அத்தக் கண்டுபுடிக்கணும்"னாரு. யக்கா, இருவத்தஞ்சு வருசமா அந்தக் கம்பிதான் எனக்குச் சோறு போடுது. அதப் போயி தப்புன்னா?

நாகம்மா: பூட்டத் தொறக்க நீ துட்டு வாங்குற. தொறக்காத பூட்டுக்கு அவங்க துட்டு குடுக்குறாங்க. யாரு புத்திசாலி?

பாய்: அத்தத்தான் ராத்திரி முச்சூடும் யோசிச்சேன். அப்பால ஒரு மரப் பொட்டி குடுத்தாங்க. உள்ளங்கை அளவு. சாவித் தொளையும் கெடையாது, ஒன்னியும் கெடையாது. சாச்சேன், தட்டுனேன், குலுக்குனேன், காதுல வச்சுக் கேட்டேன். உள்ள லொடக்குன்னு ஒரு சத்தம், அவ்ளோதான். ஆறாங்கிளாஸ் படிக்கிற பையன் ஒருத்தன் வந்தான். தரையில வச்சு பம்பரம் மாதிரி ஒரு சுத்து சுத்துனான். மூடி கையோட வந்துட்சி!

நாகம்மா: எப்டிய்யா?

பாய்: உள்ள நாலு பக்கமும் குட்டிக் குட்டி இரும்புக் குச்சி, மூடியக் குறுக்கால புடிச்சிக்கினு கீது. ஒரு பக்கம் சாச்சா ஒன்னு வெலகும், எதிர்ப்பக்கம் கீறது வந்து அடைச்சிக்கும். சுத்துனா நாலும் ஒரே நேரத்துல வெளிய ஓடும். வலை வீசச் சொல்ல ஈயக்குண்டு விரிஞ்சுக்கினு போவும் பாரு, அப்டி.

நாகம்மா: (யோசித்து) நல்லாதான் கீது. ஆனா ஐஸு கரையுது.

பாய்: இதக் கேளு, ஆறே ஆறு கட்ட. காடி வெட்டி ஒன்னோட ஒன்னு கோக்கணும். எத்தினி தினுசா கோக்கலாம்னு பில் கட்லர்னு ஒருத்தரு கம்ப்யூட்டர வச்சே எண்ணிக்கிறாரு. 3,565 கோடிக்கு மேல!

நாகம்மா: அந்தாளுக்குக் கல்யாணம் ஆயிட்சா?

பாய்: இன்னொன்னு கீது, காசிக் கோயில் கதை. மூணு வைரக் குச்சி, 64 தங்கத் தட்டு. பெருசு மேல சிறுசா ஒரு குச்சியில அடுக்கிக் கீது. ஒரு தபாக்கு ஒரு தட்டுதான் எடுக்கணும், சிறுசு மேல பெருசு வைக்கக் கூடாது. எல்லாத்தயும் வேற குச்சிக்கு மாத்தி முடிச்சா உலகம் அழிஞ்சிடுமாம்.

நாகம்மா: நான் காசிக்குப் போயாந்தேனே! அங்க இன்னா குச்சி? பாக்கலியே?

பாய்: கெடையாதுக்கா. 1883ல லூக்காஸ்னு ஒரு பிரெஞ்சுக்காரரு இந்தப் புதிர வித்தாரு. கூடவே இந்தக் கதையயும் சுத்தி வுட்டாங்க. ஆனா கணக்கு நெசம். செகண்டுக்கு ஒரு தட்டு நகத்துனாலும் 58,000 கோடி வருசத்துக்கு மேல ஆவும்.

நாகம்மா: அதுக்குள்ள என் பூட்டத் தொறந்துடுவியா?

பாய்: (அவசரமாக ராவுகிறார்) தோ, ஆயிட்சி. அதுவரைக்கும் இத்தக் கையில வச்சிக்கோ. பெரியவரு குடுத்தனுப்புனாரு.

(ஒரு சாண் பட்டைக் கட்டை. நடுவில் ஒரு துளை, அதில் சுருக்குப் போட்ட கயிறு; இரண்டு முனையும் கட்டை ஓரங்களில் முடிச்சு. இந்தப் பக்கம் ஒரு வளையம், அந்தப் பக்கம் ஒரு வளையம்.)

பாய்: ரெண்டு வளையமும் ஒரே பக்கம் வரணும். முடிச்ச அவுக்கக் கூடாது, கயித்த அறுக்கக் கூடாது. நடுத் தொளையில வளையம் நொழையாது. நேத்துலேர்ந்து பாக்குறேன்...

நாகம்மா: இதுவா? வலையில கண்ணி சிக்குனா எடுக்கிற மாதிரிதானே. (நடுச் சுருக்கைத் தளர்த்தி, வளையத்தை அதன் வழியே இழுத்து, சுருக்கைத் துளைக்குப் பின்னால் உருவி, ஏதோ செய்து, மறுபடி முன்னால் இழுக்கிறார்) இந்தா. ரெண்டும் ஒரே பக்கம்.

பாய்: (அரம் கையிலிருந்து விழுகிறது) யக்கா! இன்னா பண்ண?

நாகம்மா: எனக்கு இன்னா தெரியும்? கையக் கேளு.

பாய்: சரி, மறுக்கா பழையபடி ஆக்கு. பாத்துக்கிறேன்.

நாகம்மா: அது இன்னா பெரிய... இரு. (இழுக்கிறார்) இப்டி வந்துட்சி... இல்ல, இப்டி... தோடா, ஒயுங்கா வந்த கயிறு இப்ப முறைக்குது பாரு.

(டக். மாங்கா பூட்டு வாய் பிளக்கிறது.)

பாய்: ஆயிட்சிக்கா! இந்தா சாவி. எர்நூறு ரூபா.

நாகம்மா: உம்.

பாய்: பொட்டியத் தொறந்து ஐஸ போடு.

நாகம்மா: பேசாத. சுருக்கு எந்தப் பக்கம் இருந்துட்சி?

பாய்: யக்கா, வஞ்சிரம்...

நாகம்மா: ஐஸு கெடக்குது, இருய்யா!